அணி மாறிய ரிசீவரை நம்பி எடுக்கலாமா?

ஆண்டுதோறும் மார்ச் மாதம் அமெரிக்காவின் என்எஃப்எல் அணிகளில் ஆள் மாற்றம் தொடங்கிவிடும். பெயர்பெற்ற வைடு ரிசீவர் ஒருவர் அணி மாறினார் என்ற செய்தி வந்த அன்றே ஃபேன்டஸி ஃபுட்பால் ஆடுகிறவர்களிடையே விவாதம் சூடுபிடிக்கும். ஆகஸ்டு கடைசியில் டிராஃப்ட் நடக்கும்போது இவரை எடுக்கலாமா, எடுத்தால் எத்தனையாவது சுற்றில் எடுக்கலாம்? பலரும் இரண்டு விஷயங்களை வைத்து விடை சொல்கிறார்கள்: அந்த ஆட்டக்காரரின் பெயர், அவருக்குப் பந்து எறியப்போகும் குவார்ட்டர்பேக்கின் பெயர். இந்த இரண்டையும் நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். 1962ல் ஓக்லாந்து ரைடர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் தன் நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியது ஃபேன்டஸி ஃபுட்பால். நிஜ ஆட்டக்காரர்களை டிராஃப்டில் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து நாம் ஒரு கற்பனை அணி சேர்க்கிறோம்; அவர்கள் களத்தில் செய்வது நமக்குப் புள்ளியாகிறது. ரிசீவர் பந்தைப் பிடித்துப் பத்து யார்டு சேர்த்தால் ஒரு புள்ளி, டச்டவுன் போட்டால் ஆறு. பிபிஆர் எனப்படும் முறையில் பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் கூடுதலாக ஒரு புள்ளி உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் கணக்கெல்லாம் பிபிஆர் முறையில், பிடித்த பந்துகளை மட்டும் வைத்துப் போட்டது.

ரிசீவரால் தானாகப் பந்தை எடுத்துக்கொள்ள முடியாது. கிரிக்கெட்டில் எதிர்முனையில் நிற்கும் பேட்ஸ்மேன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஸ்ட்ரைக் கிடைத்தால்தான் ரன் எடுக்க முடியும். ரிசீவரின் நிலையும் அதுதான். அவரைக் குறிவைத்து எறியப்படும் ஒவ்வொரு பந்தையும் டார்கெட் என்பார்கள். அணி மாறும்போது திறமை கூடவே வரும், டார்கெட் வராது. அதைப் புதிய இடத்தில் புதிதாகத்தான் பெற வேண்டும்.

அமாரி கூப்பர் இரண்டு முறை சீசன் நடுவில் அணி மாறியவர். 2018 அக்டோபரில் ரைடர்ஸ் அணி அவரை டல்லஸ் கௌபாய்ஸுக்குக் கொடுத்தது. அதுவரை ஆறு ஆட்டங்களில் அவர் பிடித்தது 22 பந்து, 280 யார்டு, ஒரு டச்டவுன். டல்லஸில் ஒன்பது ஆட்டங்களில் 53 பந்து, 725 யார்டு, 6 டச்டவுன். நன்றி தெரிவித்தல் நாளில் வாஷிங்டனுக்கு எதிராக 180 யார்டு, டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 217 யார்டும் மூன்று டச்டவுனும்! அந்த டிசம்பரில் அவரைக் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆறு ஆண்டுக்குப் பிறகு, 2024 அக்டோபரில், அவர் பஃபலோ பில்ஸுக்குப் போனார். அங்கே பந்து எறிந்தவர் ஜாஷ் ஆலன். அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர். இதைவிட நல்ல குவார்ட்டர்பேக் கிடைப்பாரா என்று எல்லோரும் கூப்பரை வாங்கினார்கள். எட்டு ஆட்டங்களில் அவர் பிடித்தது 20 பந்து, 297 யார்டு.

2018ல் டல்லஸின் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட். நல்ல ஆட்டக்காரர்தான்; ஆனால் 2024ன் ஆலனுக்கு ஈடாக அவரை யாரும் சொல்லமாட்டார்கள். கூப்பரின் வயதும் 24லிருந்து 30 ஆகிவிட்டது என்பது உண்மை. ஆனாலும் பெரிய காரணம் வேறு. 2018 ஏப்ரலில் டல்லஸ் அணி ரிசீவர் டெஸ் பிரையன்டை விடுவித்திருந்தது; அவர் இடத்தை நிரப்ப ஆளில்லாமல் அரை சீசன் தவித்தது. கூப்பர் வந்த அன்றே முதல் ரிசீவர் ஆனார். பஃபலோவிலோ கலீல் ஷகீர், கியான் கோல்மன், டால்டன் கின்கெய்ட் என்று பலருக்கும் பந்தைப் பங்கிட்டே அணி வென்றுகொண்டிருந்தது. பங்கிட்டு வெல்கிற அணிக்கு ஒருவரிடமே பந்தைக் குவிக்க என்ன அவசியம்?

அதே பஃபலோவுக்கு 2020ல் மின்னசோட்டாவிலிருந்து வந்தவர் ஸ்டெஃபான் டிக்ஸ். அப்போது ஆலனைப் பலரும் நம்பவில்லை. 2019ல் அவர் எறிந்த பந்துகளில் 58.8 சதவீதமே கைக்குச் சேர்ந்தது; குறி தவறுகிற ஆள் என்று பெயர் வாங்கியிருந்தார். குவார்ட்டர்பேக் பெயரைப் பார்த்து முடிவெடுத்தவர்கள் டிக்ஸை ஒதுக்கினார்கள். நடந்தது என்ன? 2019ல் மின்னசோட்டாவில் 94 டார்கெட்டில் 63 பந்து, 1,130 யார்டு. 2020ல் பஃபலோவில் 166 டார்கெட்டில் 127 பந்து, 1,535 யார்டு. பிடித்த பந்திலும் யார்டிலும் லீக்கிலேயே முதலிடம். 212 புள்ளி 328 ஆனது.

இந்தக் கணக்குக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. மின்னசோட்டாவில் ஒரு டார்கெட்டுக்கு அவர் எடுத்தது 12 யார்டு. பஃபலோவில் 9 யார்டு சொச்சம். அதாவது ஒவ்வொரு பந்திலும் அவர் சாதித்தது குறைந்தது. பந்தின் எண்ணிக்கை கூடியதால் மட்டுமே புள்ளி எகிறியது. டால்வின் குக்கைப் பந்தோடு ஓடவிட்டு வெல்லப் பார்த்த மின்னசோட்டா, 2019 முழுக்க 500 பந்துகூட எறியவில்லை. பஃபலோவில் ஆலன் ஒருவரே 2020ல் 572 எறிந்தார். எவ்வளவு பந்து எறியும் அணி, அங்கே முதல் ரிசீவர் இடம் காலியா என்று பார்த்திருந்தால், டிக்ஸை ஒதுக்கலாமா என்பதை மார்ச் மாதமே சொல்லியிருக்கலாம். பஃபலோவில் ஜான் பிரவுனும் கோல் பீஸ்லியும் இருந்தார்கள், மறுக்கவில்லை, ஆனால் அவர்களில் யாரும் டிக்ஸ் அளவுக்கு ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தக்கூடியவர் இல்லை.

எதிர்ப்பக்கம் பார்க்க ஆலன் ராபின்சன் போதும். 2022ல் அவர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் சேர்ந்தார். அந்த அணி அப்போதுதான் சூப்பர் பௌல் வென்றிருந்தது. குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட். சிகாகோவில் சுமாரான குவார்ட்டர்பேக்குகளோடு மல்லுக்கட்டிய ராபின்சனுக்கு விடிவு வந்தது என்றார்கள். ஆனால் ராம்ஸில் கூப்பர் கப் இருந்தார். முந்தைய ஆண்டு அவர் ஒருவரே 191 டார்கெட்டில் 145 பந்து பிடித்தவர். அந்த வரிசையில் இரண்டாவதாக நின்ற ராபின்சன் பத்து ஆட்டங்களில் 33 பந்து, 339 யார்டோடு முடித்துக்கொண்டார்.

கீனன் ஆலன் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். 2023ல் சார்ஜர்ஸில் 13 ஆட்டங்களில் 150 டார்கெட்; 2024ல் சிகாகோவில் 15 ஆட்டங்களில் 121. டிஜே மூர் ஏற்கெனவே அங்கே முதல் ரிசீவர், கல்லூரி வீரர்களை அணிகள் எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில் ஒன்பதாவதாக எடுத்த ரோம் ஒடுன்ஸே புதுவரவு, குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸுக்கோ அது முதல் ஆண்டு. ஆட்டத்துக்கு 21 புள்ளி தந்தவர் 12 புள்ளிக்கு இறங்கினார்.

வாங்கிய அணி என்ன விலை கொடுத்தது என்று பார்த்தால் விடை தெரியாதா? ஓரளவு தெரியும். 2022ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், ஏஜே பிரவுனுக்காக என்எஃப்எல் டிராஃப்டில் தன் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்ததோடு நான்காண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டது. முந்தைய ஆண்டு லீக்கிலேயே அதிகம் ஓடிய அணி அது. பந்து எறியாத ஊரில் இவருக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அவ்வளவு பணம் கொடுத்த அணி சும்மா நிற்க வைக்கவா வாங்கும்? 105 டார்கெட் 145 ஆனது, 869 யார்டு 1,496 ஆனது. ஆனால் 2019ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் முதல் சுற்றுத் தேர்வு, மூன்றாம் சுற்றுத் தேர்வு, ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் எல்லாம் கொடுத்து வாங்கிய ஓடெல் பெக்கம் ஜூனியர், அங்கே ஜார்விஸ் லாண்ட்ரியோடு பந்தைப் பங்கிட்டு, காயத்தோடும் ஆடி, நான்கு டச்டவுனில் நின்றார். 2007ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் வெறும் நான்காம் சுற்றுத் தேர்வுக்கு வாங்கிய ராண்டி மாஸ் 23 டச்டவுன் பிடித்தார். ஒரு சீசனில் ரிசீவர் ஒருவர் எடுத்த அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை.

மாஸின் ஆண்டை எல்லோரும் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கொடை என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2006ல் பிரேடிக்கு அதிகம் பிடித்துக் கொடுத்த ரிசீவர் ரீச்சி கால்ட்வெல், 760 யார்டு. டீயன் பிராஞ்சை விற்றுவிட்ட அணியில் ரிசீவர் இடம் ஏறக்குறைய காலி. அதே ஆண்டு மயாமியிலிருந்து வந்த வெஸ் வெல்கரும் 67 பந்திலிருந்து 112க்குப் போனார். புதிதாக வந்த இருவரும் ஒருசேர உயர்ந்தது, நிரப்ப ஆளில்லாத இடத்துக்கு அவர்கள் வந்ததால்தான்.

விட்டுப்போகிறவரின் இடத்தைப் பற்றியும் ஒரு தவறான கணக்கு உலவுகிறது. 2021ல் கிரீன் பே பேக்கர்ஸில் டவான்டே ஆடம்ஸ் பெற்றது 169 டார்கெட். அவர் ரைடர்ஸுக்குப் போனதும் அந்தப் பந்தெல்லாம் அங்கேயே இருந்த ஆலன் லசார்டுக்குத்தான் என்று அவரை முந்திக்கொண்டு எடுத்தார்கள். லசார்ட் சேர்த்தது 788 யார்டு; அணியிலேயே அதுதான் அதிகம். காலியான டார்கெட் அப்படியே ஒருவர் மடியில் விழுவதில்லை, சிதறிப்போகிறது. ஆடம்ஸோ ரைடர்ஸில், கல்லூரிக் காலத்துக் கூட்டாளியான குவார்ட்டர்பேக் டெரக் காரோடு, 180 டார்கெட் வாங்கி 344 புள்ளியிலிருந்து 336க்கு மட்டுமே இறங்கினார். கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸை விட்டுப்போனால் சரிவார் என்ற கணிப்பு பொய்த்தது.

ஆகவே டிராஃப்டுக்கு முன் பாருங்கள்: புதிய அணியில் கடந்த ஆண்டு அதிக டார்கெட் வாங்கியவர் இன்னும் இருக்கிறாரா, பயிற்சியாளர் பந்தை எறிய விரும்புகிறவரா ஓடவிட விரும்புகிறவரா, கல்லூரியிலிருந்து முதல் சுற்றில் ரிசீவர் யாரையாவது எடுத்திருக்கிறார்களா. குவார்ட்டர்பேக்கின் பெயரை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே சுற்றில் இருவர் கிடைத்தால், அணி மாறாதவரையே நான் எடுப்பேன். மாறியவரை முந்தி எடுக்க நான் ஏற்கும் காரணம் ஒன்றுதான்: அவருக்கு முன்னால் பந்து வாங்க அங்கே ஆளில்லை என்பது. முப்பதைத் தொட்டவர், ஏற்கெனவே நல்ல ரிசீவர் இருக்கும் அணிக்குப் போயிருந்தால், இரண்டு சுற்று தள்ளிக் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.