பேய் பாய்ந்து கத்தினால் அது பயமா? கம்ப்யூட்டரில் நிஜமாகவே நடுங்க வைக்கும் ஹாரர் கேமைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாலாஜாபாத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் இரவு 11 மணி என்று வைத்துக்கொள்வோம். பகல் முழுக்கக் கேட்ட தறிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில் எப்போதாவது ஒரு ரயில் ஹார்ன். கல்லூரி மாணவர் ஒருவர், படிப்புக்காக வீட்டில் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்கிறார். 'இதைவிடப் பயங்கரமான கேம் உலகத்திலேயே இல்லை' என்று யூடியூபில் யாரோ கத்தியதைப் பார்த்து இறக்கிய கேம் அது.

முதல் முறை பேய் திரையில் பாய்ந்தபோது தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது முறை லேசாக. நான்காவது முறை கொட்டாவி வந்துவிட்டது. "இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"

ஹாரர் கேம் தேடுகிற பலரும் சொல்லும் புகார் இதுதான். கடையில் ஆயிரக்கணக்கில் பேய் கேம்கள் கிடக்கின்றன, பயப்பட வைப்பது மட்டும் கையில் சிக்குவதில்லை. ஏன் இப்படி?

திடுக்கிடல் வேறு, பயம் வேறு

பின்னால் யாராவது பட்டாசு கொளுத்திப் போட்டால் கண் மூடிக்கொள்ளும், கழுத்து சுருங்கும், தோள் தூக்கும். மூளை யோசிப்பதற்கு முன்பே உடம்பு செய்துவிடும் வேலை இது. இதற்குப் பெயர் திடுக்கிடல். திரையில் திடீரென்று ஒரு முகமும் பெரிய சத்தமும் வந்தால் நடப்பதும் இதேதான். கேம் உலகத்தில் இதை 'ஜம்ப் ஸ்கேர்' என்கிறார்கள். செய்வது சுலபம், செலவும் குறைவு. ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் உடம்பு பழகிவிடும். நான்காவது பட்டாசுக்கு யாரும் துள்ளுவதில்லை.

பயம் என்பது இன்னும் நடக்காத ஒன்றுக்காகக் காத்திருப்பது. கரண்ட் போன வீட்டில், பின்கட்டில் ஏதோ உருண்ட சத்தம் கேட்டபிறகு வரும் அந்தப் பத்து வினாடிதான் பயம். நல்ல ஹாரர் கேம் அந்தப் பத்து வினாடியைப் பத்து நிமிடமாக இழுக்கும்.

அதற்காகப் பயம் கூடக் கூட சந்தோஷமும் கூடிக்கொண்டே போகும் என்றும் இல்லை. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 110 பேருக்கு இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி, பேய் வீடு ஒன்றுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். 2020-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பயம் ரொம்பக் குறைவாக இருந்தாலும் மக்கள் ரசிக்கவில்லை, ரொம்ப அதிகமானாலும் ரசிக்கவில்லை. நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும். நண்பனுக்குத் தூக்கம் கெட்ட கேம் உங்களுக்குச் சப்பென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேம் உங்களிடமிருந்து எதைப் பிடுங்குகிறது?

பேய் எவ்வளவு கோரமாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் நல்ல கேம் சீக்கிரம் அகப்படும். கையில் துப்பாக்கியும் பை நிறைய தோட்டாவும் இருந்தால், எதிரே வருவது எந்தப் பிசாசாக இருந்தாலும் அது வெறும் சண்டைதான்.

2010-ல் ஸ்வீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்' ஆயுதத்தைப் பிடுங்கியது. 1839-ம் ஆண்டு, பாழடைந்த கோட்டை, பழைய நினைவு இல்லாத ஒரு மனிதன். எதிரி வந்தால் ஓடலாம், ஒளியலாம், அவ்வளவுதான். இருட்டில் ஒளிந்தால் நாயகனின் மனநிலை தடுமாறத் தொடங்கும். விளக்கை ஏற்றினால் எதிரி கண்ணில் பட்டுவிடுவோம், விளக்குக்கு எண்ணெயும் தீர்ந்துகொண்டே போகும். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம்! தண்ணீர் தேங்கிய நிலவறை ஒன்று வரும். அங்கே இருப்பது கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் மட்டும் சளப் சளப்பென்று நம்மை நோக்கித் தெறித்துக்கொண்டு வரும். இந்த கேமை விளையாடியவர்களைக் கேட்டால் பலரும் முதலில் சொல்வது அந்தத் தண்ணீரைத்தான்.

2014-ல் வந்த 'ஏலியன்: ஐசோலேஷன்' பிடுங்குவது நிம்மதியை. விண்வெளி நிலையம் ஒன்றில் ஏலியன், அதைக் கொல்ல வழியே இல்லை. அது எங்கே, எப்போது வரும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கப்படவும் இல்லை. உள்ளே இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. நீங்கள் இருக்கும் இடம் ஒரு மூளைக்குத் தெரியும், அது ஏலியனுக்குத் தோராயமாக 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று மட்டும் சொல்லும். ஏலியனின் மூளைக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியாது, பார்த்தும் கேட்டும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் அது எப்போதும் பக்கத்திலேயே சுற்றும், ஆனால் நேராக வந்து நிற்காது. கேமை 'சேவ்' செய்வதற்குக்கூட சில வினாடிகள் ஆகும், அந்த நேரத்திலும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கலாம்.

'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ்' (2014) நம்மூர்க்காரர்களுக்கு உடனே புரியும். இரவுக் காவலாளியாக ஓர் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், நாற்காலியை விட்டு எழ முடியாது. கதவைப் பூட்டினாலும், லைட் போட்டாலும், கேமராவைப் பார்த்தாலும் கரண்ட் செலவாகும். கரண்ட் தீர்ந்தால் கதை முடிந்தது. இதில் ஜம்ப் ஸ்கேர் தாராளமாக உண்டு. ஆனால் நடுங்க வைப்பது அதுவல்ல, குறைந்துகொண்டே போகும் அந்த சதவீத எண்தான்.

'ஃபாஸ்மோஃபோபியா' (2020) இன்னொரு படி மேலே. நான்கு பேர் வரை சேர்ந்து பேய் இருக்கும் வீட்டுக்குள் போய், அது என்ன வகைப் பேய் என்று கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் மைக்கில் நீங்கள் நிஜமாகப் பேசுவது அந்தப் பேய்க்குக் கேட்கும். "டேய், எங்கடா இருக்க?" என்று நண்பனைக் கூப்பிட்டால், பேய் வேட்டையாடும் நேரத்தில் அதுவே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஊர்ப் பேய்க்குத் தனி மவுசு

தமிழ் சினிமாவில் பேய்க்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கும், பக்கத்தில் ஒரு காமெடியன் இருப்பார், கடைசியில் கோயில் திருவிழாவும் இருக்கும். 'முனி', 'காஞ்சனா', 'அரண்மனை' பார்த்து வளர்ந்தவருக்கு ஹாரர் கேமில் முதலில் உறைப்பது, பக்கத்தில் யாருமே இல்லை என்பதுதான்.

வெளிநாட்டு பங்களாவும் தேவாலய நிலவறையும் நமக்குக் கொஞ்சம் அந்நியம். அந்தி நேரத்தில் புளியமரத்தடி, உச்சி வெயிலில் ஆற்றங்கரை, மோகினி, கொள்ளிவாய்ப் பிசாசு என்று பாட்டிகள் சொல்லி வைத்த பயத்தின் ருசியே வேறு. வாலாஜாபாத் மாதிரி, ஒரு காலத்தில் கம்பெனிப் பட்டாளம் முகாம் போட்டிருந்த ஊர்களில் இப்படிக் கதை சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

ஆசிய நாடுகளின் கேம்கள் இந்த நரம்பைத்தான் தொடுகின்றன. இந்தோனேசியாவின் 'டிரெட்அவுட்' (2014), கைவிடப்பட்ட ஊரில் மாட்டிக்கொண்ட பள்ளி மாணவி தன் போன் கேமராவாலேயே உள்ளூர்ப் பேய்களை எதிர்கொள்ளும் கதை. தாய்லாந்தின் 'ஹோம் ஸ்வீட் ஹோம்' (2017) அந்த ஊர் நம்பிக்கைகளை வைத்துச் செய்தது. இந்த வரிசையில் தனித்து நிற்பது தைவானின் 'டிடென்ஷன்' (2017). 1960-களில் ராணுவச் சட்டத்தின் கீழ் இருந்த தைவானில் ஒரு பள்ளிக்கூடம். தடை செய்யப்பட்ட புத்தகம் படித்தாலே ஆபத்து, யார் யாரைக் காட்டிக் கொடுப்பார்கள் என்று தெரியாது. அதில் பேயும் இருக்கிறது, ஆனால் விளையாடி முடித்தபின் மனதில் நிற்பது மனிதர்கள் செய்ததுதான். 2019-ல் படமாகவும் வந்தது. இந்தியாவில் 2025-ல் வெளியான 'கமலா', 1980-களில் நடக்கும் பேயோட்டும் கதை.

சரி, தேடுவது எப்படி?

கம்ப்யூட்டர் கேம்களுக்குப் பெரிய கடை 'ஸ்டீம்'. விலை ரூபாயிலேயே இருக்கும். அங்கே 'ஹாரர்' என்ற டேக்கை மட்டும் நம்ப வேண்டாம். டேக் போடுவதில் விளையாடுபவர்களுக்கும் பங்கு உண்டு, சும்மா நக்கலுக்குப் போடுகிறவர்களும் உண்டு.

ரிவ்யூக்களில் திட்டி எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். "ஆயுதமே தர மாட்டேங்குறாங்க", "ரொம்ப மெதுவா போகுது", "ஒண்ணுமே நடக்கல, ஆனா முடியல" என்று புலம்பியிருந்தால், பயம் தேடுகிறவருக்கு அது நல்ல சகுனம். முழு கேமையும் யூடியூபில் பார்த்துவிட்டு வாங்குவது வீண். எது எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் காத்திருக்க என்ன இருக்கிறது?

டெமோ இருந்தால் முதலில் அதை விளையாடலாம். இல்லாவிட்டால், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஹாரர் கேமை எடைபோட 2 மணி நேரம் தாராளம். அக்டோபர் மாத ஹாரர் சிறப்பு விற்பனை வரை பொறுத்தால் பல பழைய கேம்கள் மலிவாகவே கிடைக்கும்.

பழைய சிஸ்டம் என்று கவலைப்படவும் தேவையில்லை. 'அம்னீசியா' 2 ஜிபி ராமில் ஓடும். 'ஏலியன்: ஐசோலேஷன்' 4 ஜிபி ராம், 35 ஜிபி இடம் கேட்கும், சுமாரான கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். 2024-ல் புதுப்பித்து வெளியான 'சைலன்ட் ஹில் 2' மாதிரி கேம்களுக்குத்தான் 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் தேவை. கார்டுக்குச் செலவு செய்யும் முன் நல்ல ஹெட்போன் வாங்குவது புத்திசாலித்தனம். இந்த கேம்களில் பாதி பயம் காதில்தான் இருக்கிறது.

'கிராக்' வெர்ஷன் இலவசமாகக் கிடைக்குமே?

கிடைக்கும். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று கூடவே ஒரு குறிப்பும் இருக்கும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கச் சொல்வது மாதிரிதான் அது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மால்வேர்கள் இப்படிப்பட்ட ஃபைல்களில் ஒளிந்து வருவது வாடிக்கை. அதே கம்ப்யூட்டரில்தான் அப்பாவின் நெட் பேங்கிங்கும் இருக்கும் என்றால், 500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் கணக்கே காலியாகலாம். பணம் போய்விட்டது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால்

ஒரே அறையில் படிப்பு, டிவி, தூக்கம் எல்லாம் நடக்கும் வீடுகளில், அண்ணன் விளையாடுவதை எட்டு வயதுத் தங்கை பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணனிடம் மவுஸ் இருக்கிறது, வேண்டாம் என்றால் நிறுத்தலாம். அவளுக்கு அந்த வசதி இல்லை. 'அவுட்லாஸ்ட்' போன்ற கேம்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே. 'ஸ்டீம் ஃபேமிலிஸ்' வசதியில் பிள்ளைகள் எதை, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்று பெற்றோர் கட்டுப்பாடு வைக்க முடியும்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் விளக்கு மினுங்கும் காட்சிகள் கொண்ட கேம்களைத் தவிர்ப்பது நல்லது, தொடக்கத்தில் வரும் எச்சரிக்கையை அவசரமாகத் தட்டிவிட வேண்டாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது உத்தமம். மறுநாள் காலையில் தேர்வு என்றால், 'ஏலியன்' இன்னொரு நாள் காத்திருக்கும்.

"அதெல்லாம் வெறும் கேம்தானே, எனக்கு எதுவும் ஆகாது" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு: 'அம்னீசியா', ஹெட்போன், லைட் ஆஃப். விளையாடி முடித்தபின், பின்கட்டுக் குழாயடிக்குத் தனியாகப் போய் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து வர வேண்டும்.