விசாரணையில் சொல்லாத ஆட்சேபனை அப்பீலில் செல்லுமா? சட்டம் சொல்வது என்ன?

1908 ஜூலையில் நெல்லை செஷன்ஸ் நீதிமன்றம் வ.உ.சி.க்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. "அப்பீலுக்குப் போனா பாத்துக்கலாம்" என்ற நம்பிக்கை இன்றைக்கும் பல குடும்பங்களுக்கு உண்டு. ஆனால் விசாரணையில் சொல்லாமல் விட்ட ஆட்சேபனை அப்பீலில் எடுபடுவது கஷ்டம். ஏன்?

'மிஸ்ட்ரயல்' இங்கே உண்டா?

அமெரிக்க சீரியல்களில் ஜூரியைக் கலைத்துவிட்டு நீதிபதி 'மிஸ்ட்ரயல்' என்று அறிவிப்பார். இந்தியக் குற்ற வழக்குகளில் இப்போது ஜூரி கிடையாது. பாளையங்கோட்டையில் உள்ள செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தால், 60 நாட்களுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அப்பீல் செய்யலாம். விசாரணையே சரியில்லை என்று தெரிந்தால், தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 511வது பிரிவு (பழைய சட்டத்தில் 465) இதைப் பற்றிப் பேசுகிறது. நடைமுறையில் பிழை இருந்தது என்பது மட்டும் போதாது. அதனால் நீதி தவறியிருக்க வேண்டும். அந்த ஆட்சேபனையை முன்பே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

ஓர் உதாரணம்

2017இல் ஹரியானா வழக்கு ஒன்றில், செல்போன் அழைப்புப் பதிவுகளுக்குச் சான்றிதழ் இல்லை என்று குற்றவாளிகள் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. விசாரணையிலேயே சொல்லியிருந்தால் அரசுத் தரப்பு அந்தக் குறையைச் சரிசெய்திருக்கும் என்று கூறி, நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படித்தானா?

இல்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் போல, சட்டமே ஏற்காத சாட்சியம் என்றால் அப்பீலிலும் எதிர்க்கலாம். நிரூபித்த முறையில் உள்ள குறையைத்தான் அப்போதே சொல்லியாக வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

• ஆவணம் குறியீடு செய்யப்படும்போதே வக்கீல் எதிர்ப்பைச் சொல்ல வேண்டும்.
• அது சாட்சியப் பதிவில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் எழுத்து மூலம் மனு கொடுக்கலாம்.
• குறுக்கு விசாரணையில் முக்கியக் கேள்வி விடுபட்டால், சாட்சியை மீண்டும் அழைக்க 348வது பிரிவின் கீழ் கேட்கலாம்.
• வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

மதுரையில் இருக்கும் நீதிபதிகள் நெல்லையில் நடந்த விசாரணையை நேரில் பார்ப்பதில்லை. கட்டில் உள்ள காகிதங்களைத்தான் படிக்கிறார்கள். வாயால் மட்டும் சொன்ன எதிர்ப்பு அந்தக் காகிதத்தில் இருக்காது.