சுஜாதா (எழுத்தாளர்)

சுஜாதா (மே 3, 1935 - பெப்ரவரி 27, 2008) தமிழில் மிகவும் பரவலாக வாசிக்கப்பட்ட எழுத்தாளர்களுள் ஒருவர். இவரது இயற்பெயர் எஸ். ரங்கராஜன். தொழிலால் மின்னணுப் பொறியாளரான இவர் சிறுகதை, புதினம், நாடகம், கட்டுரை, கேள்வி-பதில், திரைப்பட வசனம் எனப் பல துறைகளில் எழுதினார். அறிவியல் புனைகதை என்னும் வகையை வார இதழ்களின் வழியாகப் பெருந்திரளான தமிழ் வாசகர்களிடம் கொண்டு சேர்த்தவர் இவரே. இந்தியத் தேர்தல்களில் பயன்படுத்தப்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் இவருக்குப் பங்குண்டு. பழக்கமில்லாத ஒரு பொறியை எளிய மக்கள் நம்பி ஏற்கும்படிச் செய்வது என்பதே இவ்விரு பணிகளுக்கும் பொதுவான சவாலாக இருந்தது.

வாழ்க்கைச் சுருக்கம்

சுஜாதா சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். இளமைப் பருவத்தைத் தம் பாட்டியின் பராமரிப்பில் ஸ்ரீரங்கத்தில் கழித்தார். அங்குள்ள ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஏ. பி. ஜெ. அப்துல் கலாமும் அக்காலத்தில் அதே கல்லூரியில் பயின்றார். கல்லூரிப் படிப்புக்குப் பின் இருவருமே சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. எனப்படும் மதராசு தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தனர். கலாம் வானூர்திப் பொறியியலையும் சுஜாதா மின்னணுவியலையும் தேர்ந்தெடுத்தனர்.

பொறியாளரான சுஜாதா இந்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். அதன் பெரும்பகுதி டெல்லியில் கழிந்தது. பின்னர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, ஆய்வு மற்றும் வளர்ச்சிப் பிரிவில் உயர் பொறுப்புகளை வகித்துப் பொது மேலாளர் நிலை வரை உயர்ந்தார். பணி ஓய்வுக்குப் பின் சென்னையில் குடியேறினார். குமுதம் வார இதழின் ஆசிரியராகச் சிறிது காலமும், அம்பலம் என்னும் இணைய இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பாரதி திரைப்படத்தைத் தயாரித்த மீடியா ட்ரீம்ஸ் நிறுவனத்திலும் இவர் முக்கியப் பங்கு வகித்தார்.

எழுத்துலகில்

சுஜாதாவின் முதல் சிறுகதை 1953இல், திருலோக சீதாராம் திருச்சியிலிருந்து நடத்திய சிவாஜி இதழில் வெளிவந்தது. அதற்கடுத்து நெடிய இடைவெளி ஏற்பட்டது. 1962இல் குமுதம் இதழில் இவரது கதை வெளியான பின்னரே தொடர்ச்சியாக எழுதத் தொடங்கினார். குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் முன்பே புகழ்பெற்றிருந்ததால், பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கத் தம் மனைவியின் பெயரான சுஜாதா என்பதைப் புனைபெயராகக் கொண்டார்.

1960களின் இறுதியில் குமுதத்தில் தொடராக வெளிவந்த நைலான் கயிறு இவருக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றுத் தந்தது. கணேஷ், வசந்த் என்னும் வழக்கறிஞர் இணை இடம்பெறும் துப்பறியும் கதைகளும் புகழ்பெற்றன. இதே காலத்தில், 1965இல் டெல்லியில் கி. கஸ்தூரிரங்கனால் தொடங்கப்பட்ட கணையாழி என்னும் சிற்றிதழில் "ஸ்ரீரங்கம் எஸ். ஆர்." என்ற பெயரில் கடைசிப் பக்கப் பத்தியைப் பல ஆண்டுகள் எழுதி வந்தார். பெரும் விற்பனை கொண்ட வார இதழ்களுக்கும் இலக்கியச் சிற்றிதழுக்கும் ஒரே கை எழுதியது அக்காலத்தில் அரிதாக இருந்தது.

அறிவியல் புனைகதைகள்

பின்னணி

இந்திய மொழிகளில் அறிவியல் புனைகதை புதிதன்று. இயற்பியலாளர் ஜகதீஷ் சந்திர போஸ் 1896இலேயே, கூந்தல் எண்ணெயால் புயலை அடக்கும் கதையொன்றை வங்காளத்தில் எழுதினார். சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷோங்கு கதைகள் 1961இல் தொடங்கின. மராத்தியில் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் 1970களிலிருந்து எழுதினார். தமிழில் பாரதியாரின் ஞானரதம் போன்ற கற்பனைப் பயண உரைநடை இருந்தபோதிலும், எதிர்கால அறிவியலை மையமாகக் கொண்ட கதைகளுக்குத் தொடர்ச்சியான மரபு உருவாகவில்லை.

அமெரிக்காவில் இவ்வகைக் கதைகளுக்கென்றே 1926 முதல் தனி இதழ்கள் வெளிவந்தன. அவற்றின் வாசகர்கள் விண்கலம், எந்திர மனிதன் ஆகியவற்றை எதிர்பார்த்தே இதழை வாங்கினர். தமிழில் சுஜாதாவுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. குடும்பக் கதை, சமையல் குறிப்பு, நகைச்சுவைத் துணுக்கு, திரைச் செய்தி ஆகியவற்றுக்கு நடுவே, கணிப்பொறியைக் கண்ணால் பார்த்திராத வாசகருக்காக எழுதவேண்டியிருந்தது. ஆகவே, நீண்ட விளக்கங்களைத் தவிர்த்து, பேச்சுவழக்கு உரையாடல், நகைச்சுவை, ஒவ்வொரு வாரமும் முடிவில் ஒரு திருப்பம் ஆகியவற்றைக் கையாண்டார். இவரது அறிவியல் புனைகதைகளின் வடிவத்தை இந்தச் சூழலே பெரிதும் தீர்மானித்தது எனலாம்.

முக்கியப் படைப்புகள்

சொர்க்கத் தீவு இவரது தொடக்ககால அறிவியல் புதினங்களுள் ஒன்று. கணிப்பொறி நிபுணர் ஒருவர் கடத்தப்பட்டு, மனிதரின் உணர்ச்சிகள் கட்டுப்படுத்தப்படும் ஒரு தீவுக்குக் கொண்டு செல்லப்படுகிறார். எல்லோரும் நிறைவாக இருப்பதாகத் தோன்றும் அச்சமூகத்தில் விடுதலைக்கு இடமுண்டா என்பதே கதையின் கேள்வி.

என் இனிய இயந்திரா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. கதை 2020களின் தொடக்கத்தில் நிகழ்கிறது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். குடிமக்களின் பெயர்கள் இரண்டெழுத்துகளுக்குள் அமையவேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என முக்கிய மாந்தர் அனைவருக்கும் தமிழில் இரண்டெழுத்துப் பெயரே அமைந்திருப்பதைக் காணலாம். சர்வாதிகாரியின் பெயரும் எந்திர நாயின் பெயரும்கூட இவ்விதியிலிருந்து தப்பவில்லை. நிலாவின் கணவன் சிபி காணாமற்போகிறான். ரவி என்பவன் ஜீனோ என்னும் எந்திர நாயுடன் அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். நாடே வணங்கும் ஜீவா மனிதரே அல்ல, செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒரு முப்பரிமாணப் பிம்பம் என்பது பின்னர் தெரிய வருகிறது. இதன் தொடர்ச்சியான மீண்டும் ஜீனோவும் வரவேற்பைப் பெற்றது. என் இனிய இயந்திரா பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது.

எந்திரன் என்ற கருத்தை உலக இலக்கியத்தில் நிலைநிறுத்தியது செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகமாகும். அதில் எந்திரங்கள் மனிதருக்கெதிராகக் கிளர்ந்தெழுகின்றன. ஐசக் அசிமோவ் 1940களில் எந்திரங்களுக்கு மூன்று விதிகளை வகுத்தார். சுஜாதாவின் ஜீனோ வேறு வகையானது. புத்தகம் வாசிக்கிறது, கிண்டல் செய்கிறது, தனக்கென ஓர் எண்ணத்தை வளர்த்துக் கொள்கிறது. பழக்கமான வீட்டு விலங்கின் உருவில் வந்ததனால், செயற்கை அறிவு என்ற கருத்து வாசகருக்கு அச்சமூட்டாமல் அறிமுகமாயிற்று.

திமலா என்னும் சிறுகதை எதிர்காலத்தில் திருப்பதி மலைக்கு வழிபடச் செல்லும் தம்பதியரைப் பற்றியது. கணிப்பொறிகளின் காலத்திலும் வழிபாடும் வரிசையும் தொடர்கின்றன. தொழில்நுட்பம் மாறினாலும் மனிதரின் நம்பிக்கைகளும் ஆசைகளும் எளிதில் மாறுவதில்லை என்பது இவரது அறிவியல் சிறுகதைகளில் மீண்டும் மீண்டும் வரும் கருத்தாகும்.

கடவுள் வந்திருந்தார் என்னும் நாடகம் பூர்ணம் விசுவநாதனின் குழுவினரால் மேடையேற்றப்பட்டது. பணி ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஒருவன் வருகிறான். அவன் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். ஆகவே, குடும்பத்தினர் அவருக்குப் பைத்தியம் என்கின்றனர். பிறகு அதிசயம் நிகழ்ந்ததும் அவரையே கடவுள் என்கின்றனர். மேடையில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தச் சிறப்புக் காட்சியமைப்பும் இன்றி எதிர்காலப் புனைவை நிகழ்த்திக் காட்டியது இந்நாடகம்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய காலத்தில், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை வடிவமைத்து உருவாக்கிய முயற்சியில் சுஜாதா முக்கியப் பங்காற்றினார். ஐதராபாத்திலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனமும் இத்துறையில் ஈடுபட்டது.

முதலில் புழக்கத்துக்கு வந்த இயந்திரங்கள் இரு பகுதிகளைக் கொண்டவை. ஒன்று தேர்தல் அலுவலரிடமுள்ள கட்டுப்பாட்டுப் பகுதி. மற்றொன்று வாக்காளர் பொத்தானை அழுத்தும் வாக்குப்பதிவுப் பகுதி. ஒரு வாக்குப்பதிவுப் பகுதியில் 16 வேட்பாளர் வரை இடம்பெறலாம். நான்கு பகுதிகளை இணைத்து 64 வேட்பாளர் வரை கையாளலாம். ஓர் இயந்திரம் 3,840 வாக்குகளைப் பதிவு செய்யும். மின்கலத்தால் இயங்குவதால் மின்சாரம் இல்லாத ஊர்களிலும் பயன்படும். நிமிடத்துக்கு ஐந்து வாக்குகளுக்கு மேல் பதிய இயலாது என்பதால், சாவடியைக் கைப்பற்றிச் சில நிமிடங்களில் கட்டுக்கட்டாகக் கள்ள வாக்குகளைக் குத்திப் போடுவது இயலாமற் போனது.

இவ்வியந்திரத்தின் முதல் சோதனை தோல்வியில் முடிந்தது. 1982 மே மாதம் கேரளத்தின் பறவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இது பயன்படுத்தப்பட்டது. 123 வாக்கு வேறுபாட்டில் முடிந்த அத்தேர்தல் வழக்கில், சட்டத்தில் இடமில்லாமல் இயந்திரத்தைப் பயன்படுத்தியது செல்லாது என 1984இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடைபெற்று, முடிவும் மாறியது. பழுது இயந்திரத்தில் அல்ல, சட்டத்தில் இருந்தது. 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும், 1998 வரை இயந்திரம் காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், டெல்லி ஆகியவற்றின் 16 தொகுதிகளில் பயன்பட்டது. 2001இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும், 2004இல் நாடாளுமன்றத்தின் 543 தொகுதிகளிலும் இதன் வழியே வாக்குப்பதிவு நடைபெற்றது. இவையனைத்தையும் சுஜாதா தம் வாழ்நாளிலேயே கண்டார்.

இயந்திரத்தின் நம்பகத்தன்மை பற்றிய விவாதம் பின்னரும் தொடர்ந்தது. வாக்காளர் தம் வாக்கைத் தாளில் சரிபார்க்கும் ஒப்புகைச் சீட்டு முறை 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டு, 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

அறிவியல் கட்டுரைகள்

புனைகதைக்கு இணையாக அறிவியல் விளக்க எழுத்திலும் சுஜாதா ஈடுபட்டார். ஜூனியர் விகடனில் வாசகர் கேள்விகளுக்கு இவர் அளித்த விடைகள் ஏன்? எதற்கு? எப்படி? என்ற நூலாயின. மூளையைப் பற்றிய தலைமைச் செயலகம், கணிப்பொறி பற்றிய கட்டுரைகள், ஆனந்த விகடனில் வெளிவந்த கற்றதும் பெற்றதும் ஆகியவையும் பரவலாக வாசிக்கப்பட்டன. கட்டுரையில் விளக்கிய செய்தியை மறுபடி கதையில் விளக்கத் தேவையில்லாது போயிற்று. தமது புனைகதைக்கான வாசகரை இவர் இவ்வாறு தாமே தயார்செய்து கொண்டார் என்று கருத இடமுண்டு.

திரைப்படங்களில்

இவரது கதைகளும் வசனங்களும் இடம்பெற்ற சில திரைப்படங்கள்:

- காயத்ரி (1977)
- ப்ரியா (1978)
- விக்ரம் (1986)
- ரோஜா (1992)
- இந்தியன் (1996)
- கன்னத்தில் முத்தமிட்டால் (2002)
- அந்நியன் (2005)
- சிவாஜி (2007)
- எந்திரன் (2010)

விக்ரம் திரைப்படத்தில் திருடப்படும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்திரன். மூன்றாண்டுகள் கழித்து, 1989 மே 22 அன்று, இந்தியா அக்னி ஏவுகணையைச் சோதித்தது. அத்திட்டத்துக்குத் தலைமையேற்றிருந்தவர், சுஜாதா பயின்ற அதே கல்லூரியின் மாணவரான அப்துல் கலாம்.

எந்திரன் திரைப்படம் சுஜாதா மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. இதன் வசனத்தில் சுஜாதாவுடன் ஷங்கர், மதன் கார்க்கி ஆகியோரின் பெயர்களும் இடம்பெற்றன. சிவாஜி இதழில் தொடங்கிய இவரது எழுத்துப் பயணத்தில், வாழ்நாளில் வெளிவந்த இறுதித் திரைப்படங்களுள் ஒன்றின் பெயரும் சிவாஜி என அமைந்தது குறிப்பிடத்தக்கது.

விருதுகள்

- அறிவியலை மக்களிடையே பரப்பியமைக்காக இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையைச் சார்ந்த தேசியக் குழுவின் விருது (1993)
- மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்காக வாஸ்விக் விருது
- தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருது

சாகித்திய அகாதமி விருது இவருக்கு வழங்கப்படவில்லை.

விமர்சனமும் தாக்கமும்

வார இதழ்களின் தேவைக்கேற்ப விரைந்து எழுதியதால் சில தொடர்கள் ஆழமின்றி முடிந்தன என்றும், ஆங்கிலச் சொற்களை மிகுதியாகக் கலந்தார் என்றும் விமர்சனங்கள் உண்டு. கருவிகளின் வியப்பே கதையாகிவிடுகிறது என்ற குறையும் கூறப்படுவதுண்டு. எனினும், இவரது சிறந்த கதைகளில் கருவி ஒரு சாக்கு மட்டுமே. அதிகாரம், தனிமை, நம்பிக்கை ஆகியவையே உண்மையான பொருள். பின்வந்த தமிழ் எழுத்தாளர்கள் அறிவியல் புனைகதையை வேறு திசைகளில் கொண்டுசென்றனர். ஜெயமோகனின் விசும்பு தொகுப்பு அதற்கோர் எடுத்துக்காட்டாகும்.

என் இனிய இயந்திரா கற்பனை செய்த 2020களின் தொடக்கம் வந்து சென்றுவிட்டது. பேசும் எந்திர நாய் வீடுதோறும் வரவில்லை. இரண்டெழுத்துப் பெயர்ச் சட்டமும் வரவில்லை. ஆனால், எண்ணால் அடையாளம் காணப்படும் குடிமகன், உரையாடும் செயற்கை அறிவு, இல்லாத மனிதரை இருப்பதாகக் காட்டும் பிம்பம் ஆகியவை அன்றாடச் செய்திகளாகிவிட்டன.

மறைவு

சுஜாதா 2008 பெப்ரவரி 27 அன்று சென்னையில் தமது 72ஆவது வயதில் காலமானார். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த உலகப் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அதற்கு மூன்று வாரங்களுக்குப் பின் மார்ச் 19 அன்று கொழும்பில் மறைந்தார்.