அடைமழைக்கு முன் கூரையைக் கவனியுங்கள்

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எனவே இவ்வட்டார விவசாயிகள் சித்திரை, வைகாசியிலேயே வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் செப்பனிடுவது நலம். ஐப்பசி அடைமழையில் கூரை ஏற இயலாது; ஈரத்தில் பூச்சும் பிடிக்காது.

ஓட்டு வீடானால் உடைந்த ஓடுகளையும் கரையான் அரித்த ரீப்பர்களையும் மாற்றவும். கீற்றுக் கூரையில் மக்கிய கீற்றுகளைக் களைந்து, புதுக் கீற்றுகளை அடர்த்தியாக வேயவும். கட்டுகள் இறுக்கமாயிருந்தால்தான் ஆடிக் காற்றைத் தாங்கும். மாடி வீட்டில் தளத்து வெடிப்புகளை அடைத்து, மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்யவும். வீட்டைச் சுற்றி நீர் வடிய வாய்க்கால் எடுக்கவும்.

விதை நெல் மூட்டைகளைப் பரணில் ஏற்றவும். ஒழுகலில் நனைந்த விதை முளைத்துக் கெட்டால், அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கக் கடன்பட நேரும்.