மரச்சீனி மண்ணும் மறைந்துபோன ஓர் இதய நோயும்

ஒரு மருத்துவக் கல்லூரியின் அருங்காட்சியக அறையில், ஃபார்மலின் ஜாடிக்குள் பிளந்து வைத்திருந்த ஓர் இதயத்தின் முன்னால் நெடுநேரம் நின்றிருக்கிறேன். இதயத்தின் உட்சுவரை மூடியிருக்கும் சவ்வு, முட்டை ஓட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் தோலைப்போல அத்தனை மெல்லியது. அந்த இதயத்திலோ அது முற்றிய தேங்காய்ப் பருப்பாகத் தடித்து, கீழறையின் நுனியிலிருந்து மேலேறி, அறையில் பாதியை அடைத்துவிட்டிருந்தது. வால்வைப் பிடித்திருக்கும் மெல்லிய தசைநாண் கயிறுகள் அந்த வெள்ளைக்குள் புதைந்து கிடந்தன. ரத்தம் தங்க இடமில்லாமல் மேலறை மட்டும் பலூனாக ஊதியிருந்தது. ஜாடியில் ஒட்டிய சீட்டு மங்கியிருந்தாலும் வயதைப் படிக்க முடிந்தது. 14.

மாரடைப்பு என்றதும் கொழுப்பு, சர்க்கரை, பீடி, சிகரெட், ரத்த அழுத்தம் என்று நமக்கு ஒரு பட்டியல் மனப்பாடம். இந்தப் பிள்ளைக்கு அதில் ஒன்றும் பொருந்தாது. வயிறு நிறையச் சாப்பிட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தேடி வந்த இதய நோய் இது. டாக்டர்கள் இதை எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். பேச்சில் சுருக்கமாக இ.எம்.எஃப். நிலநடுக்கோட்டுக்கு இருபக்கமும் ஒரு பட்டையாக உகாண்டா, நைஜீரியா, மொசாம்பிக், பிரேசில், நம் பக்கத்தில் கேரளம் என்று சில இடங்களில் மட்டும் கூடுகட்டி வாழ்ந்தது.

1960களிலும் 70களிலும் கேரளத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் சொல்லும் தோற்றம் ஒன்றுதான். குடம்போல் வீங்கிய வயிறு, குச்சிக் கால், உப்பிய முகம், காதுவரை புடைத்து நிற்கும் கழுத்து நரம்பு. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆறு வயதுபோல இருக்கும். வயிற்றில் இத்தனை நீர் கோத்தும் காலில் வீக்கம் அதிகம் இருக்காது என்பதுதான் இந்த நோயின் விசேஷம். அந்த உருவத்தைத் தலைப்பிரட்டைக்கு ஒப்பிடத் தோன்றும். ஒப்பீடு சரியானதுதான், ஆனால் ஒரு குழந்தையைப் பற்றி இப்படிச் சொல்லும்போது வலிக்கிறது.

வீட்டுப் பெரியவர்கள் மகோதரம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் முதலில் ஈரலைச் சந்தேகித்தார்கள், பிறகு வயிற்றுக் காசநோயை. இதயத்தின் வெளியுறை இறுகிப்போகும் நோயும் இதே மாதிரி வேஷம் போடும். ஊசி குத்தி வயிற்று நீரை எடுத்தால் லிட்டர் கணக்கில் வைக்கோல் நிறத்தில் வடியும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடும். சில வாரங்களில் வயிறு மறுபடி நிறைந்துவிடும். அம்மாக்கள் மறுபடி பஸ் ஏறுவார்கள். சந்தேகத்தைத் தீர்க்க வேண்டுமானால் ரத்தக்குழாய் வழியாகக் குழாயை இதயத்துக்குள் செலுத்தி, மருந்தைப் பாய்ச்சி, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்கு வசதியுள்ள ஆஸ்பத்திரிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

நோயின் வரலாறு உகாண்டாவில் தொடங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கம்பாலாவின் முலாகோ ஆஸ்பத்திரியில் பிணப் பரிசோதனை செய்துவந்த ஜே.என்.பி. டேவிஸ், 1948இல் இதைத் தனி நோயாக எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1946இல், ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்குக் காரணம் புரியாமல் இதயம் செயலிழப்பதைப் பெட்ஃபோர்டும் கான்ஸ்டமும் எழுதியிருந்தார்கள்.

உகாண்டாவில் முதலில் குற்றவாளிக் கூண்டில் நின்றது வாழைக்காய். அந்த ஊர்ச் சோறே வேகவைத்து மசித்த வாழைக்காய்தான், மடோகே என்பார்கள். வாழையில் செரடோனின் உண்டு. செரடோனினைச் சுரக்கும் ஒருவகைக் குடல் கட்டி, இதயத்தின் வலப்பக்கத்தில் இதேபோன்ற வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். கணக்கு அழகாகப் பொருந்தியது. ஆனால் வாழைக்காயை மூன்று வேளையும் தின்ற பகாண்டா மக்களைவிட, பிழைப்புத் தேடி வந்து மரவள்ளிக் கிழங்கில் உயிர்வாழ்ந்த ருவாண்டாக் கூலிகளிடம்தான் நோய் அதிகம் இருந்தது. வாழைக்காய் விடுதலையானது. மரவள்ளி மாட்டிக்கொண்டது.

மரவள்ளியை எங்கள் குமரி மாவட்டத்தில் மரச்சீனி என்போம். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூர்தான். அங்கே இந்தக் கிழங்கைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், ரங்கூன் அரிசி நின்றபோது, ஏழை வீடுகளில் அடுப்பெரிந்தது கிழங்கால்தான். என் பாட்டி மரச்சீனி அவிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முரட்டுத் தோலையும் அதன் கீழுள்ள இளஞ்சிவப்புப் பட்டையையும் உரித்து, துண்டு போட்டு, உப்பிட்டு வேகவைத்து, முதல் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டிவிடுவாள். கிழங்கில் நஞ்சுண்டு, அதன் பெயர் சயனைடு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தண்ணீரை வடிக்காவிட்டால் தலை சுற்றும் என்பது தெரியும். சாளை மீன் குழம்பு இருந்தால் அது விருந்து. மீன் இல்லாத நாளில் உப்பும் காந்தாரி மிளகாயும். மீன் இல்லாத நாட்களே அதிகமாக இருந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

1974இல் திருவனந்தபுரத்துக்கு வந்தார் இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான். பின்னாளில் சித்ரா என்ற செயற்கை இதய வால்வைச் செய்த அதே வலியத்தான். சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்டில் அவரும் கூட்டாளிகளும் இந்தப் பிள்ளைகளை மேசையில் கிடத்தி நெஞ்சைத் திறந்தார்கள். செய்ய வேண்டிய வேலை கொடுமையானது. 1971இல் பாரிஸில் சார்ல்ஸ் துபோஸ்ட் காட்டிய வழி அது: இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓடவிட்டு, கீழறையைத் திறந்து, வெள்ளைப் படலத்தைத் தசையிலிருந்து உரித்தெடுத்து, கெட்டுப்போன வால்வுக்குப் பதிலாகச் செயற்கை வால்வு தைப்பது. தேங்காயைச் சிரட்டையிலிருந்து பெயர்ப்பதுபோல, ஆனால் சிரட்டைதான் துடிக்கும் தசை. உலகில் வெளிவந்த கணக்குகளைப் பார்த்தால், அறுவைக்குப் பின் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிழைக்கவில்லை. அறுவை செய்யாவிட்டால் கதி இன்னும் மோசம் என்று தெரிந்துதான் கத்தியை எடுத்தார்கள்.

அவர்கள் உரித்ததோடு நிற்கவில்லை. ஏன் இந்த மண்ணில் மட்டும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே அவர்களுக்கு நான் தலைவணங்குவேன்.

பதில் தேடிப்போன பாதை எங்கள் கடற்கரை மணலுக்கு வந்தது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் மின்னுவதைக் கண்டுபிடித்து மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். கேஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்த காலம். அந்த மேன்டிலில் தோரியத்தோடு நூற்றில் ஒரு பங்கு சீரியமும் உண்டு; இரண்டும் மோனசைட்டில் இருப்பவை. மணவாளக்குறிச்சியிலிருந்து கொல்லத்துச் சவறா வரை இந்த மணல் கிடக்கிறது. நோயாளிகளின் இதயத் தசையைச் சோதித்தபோது சீரியமும் தோரியமும் மற்றவர்களைவிட அதிகமாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருப்பதைத் திருவனந்தபுரம் குழு கண்டது. கேரளத்தின் அடைமழை மண்ணிலுள்ள மக்னீசியத்தை அரித்துக்கொண்டு போய்விடும். மக்னீசியம் குறைந்த மண்ணில் விளைந்த கிழங்கு சீரியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஆய்வுக்கூடத்தில் தழும்புத் திசுவை நெய்யும் செல்களுக்குச் சிறு அளவில் சீரியம் கொடுத்தால் அவை வேகமாக நெய்தன. மக்னீசியம் இல்லாத தீனியோடு சீரியம் தின்ற எலிகளின் இதயத்தில் தழும்பு விழுந்தது. மண், கிழங்கு, பசி, இதயம் என்று ஒரே கோட்டில் இழுத்த இந்த விளக்கத்துக்கு மருத்துவ உலகில் புவிவேதியியல் கொள்கை என்று பெயர்.

எனக்கு இந்தக் கொள்கை மிகவும் பிடிக்கும். பிடித்திருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதும் தெரியும். அதே கடற்கரையில் அதே கிழங்கைத் தின்ற பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் இன்னொரு கட்சி புழுவைக் கைகாட்டியது. 1936இல் சூரிச்சில் லோஃப்லர் என்பவர், இயோசினோஃபில் என்ற வெள்ளணு ரத்தத்தில் பெருகியவர்களின் இதயத்தில் இதே மாதிரித் தழும்பை விவரித்திருந்தார். இந்த அணு, புழுவைக் கொல்ல வைத்திருக்கும் நஞ்சைக் கொட்டும்போது இதயத்தின் உட்சவ்வு புண்ணாகும், புண்ணில் ரத்தம் உறையும், உறைந்தது தழும்பாகும். கேரளக் கடலோரத்தில் யானைக்கால் புழுவுக்கும் குடல் புழுவுக்கும் பஞ்சமே இல்லை. வெறுங்காலோடு நடந்த பிள்ளைகளின் ரத்தத்தில் அந்த அணு பெருகியிருந்தது. ஆனால் வெப்பநாடுகள் முழுவதும் பிள்ளைகளின் வயிற்றில் புழு இருந்தது. இந்த நோயோ சில இடங்களில் மட்டுமே இருந்தது.

வழக்கு இப்படி நடந்துகொண்டிருக்கும்போதே குற்றவாளி ஊரைவிட்டுப் போய்விட்டான்.

அன்று குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருந்ததை இன்று எக்கோ கருவி பத்து நிமிடத்தில் காட்டிவிடுகிறது. நெஞ்சில் கூழைத் தடவிக் கருவியை வைத்தால் திரையில் நான்கு அறைகளும் அசையும். இ.எம்.எஃப். இதயத்தில் கூராக இருக்க வேண்டிய கீழறை நுனி, கழுத்தை இறுக்கிக் கட்டிய பைபோல மழுங்கியிருக்கும். அதன் மேல் படலம் வெள்ளையாக ஒளிரும். நோயைக் கண்டுபிடிக்க இத்தனை எளிய வழி மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்த நாளில், கண்டுபிடிக்கப் பிள்ளைகள் இல்லை. கேரளத்தில் கடந்த சில பத்தாண்டுகளாகப் புது நோயாளிகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். இன்று கண்ணில் படுபவர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள், சிறுவயதில் விழுந்த தழும்போடு இத்தனை காலம் ஓட்டியவர்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இளம் டாக்டர்களில் பலர் இந்த நோயைப் புத்தகப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

மணவாளக்குறிச்சி மணல் இன்னும் கறுத்து மின்னிக்கொண்டுதான் கிடக்கிறது. கேரளத்தில் கப்பை என்று அழைக்கும் கிழங்கும் அதே மண்ணில்தான் விளைகிறது. கப்பையும் மீன்கறியும் என்று பெரிய ஹோட்டல்களின் மெனு அட்டையில்கூட ஏறிவிட்டது. மாறியது கிழங்கைச் சுற்றி இருந்தவை. ரேஷன் அரிசி எல்லா வீட்டுக்கும் வந்தது. வளைகுடாப் பணம் வந்தது. பள்ளியில் மதிய உணவு, காலில் செருப்பு, வீட்டுக்குக் கக்கூஸ், புழுவுக்கு மாத்திரை எல்லாம் வந்தன. கிழங்கு மட்டுமே சாப்பாடாக இருந்த தட்டில் கிழங்கும் ஓர் ஓரத்துக்குப் போனது. சீரியம் கொல்லும் என்றவரும் புழு கொல்லும் என்றவரும் இருவருமே பாதி சரியாக இருக்கக்கூடும். ஆனால் இரண்டுக்கும் கதவைத் திறந்துவிட்டது வெறும் வயிறு என்பதுதான் என் தீர்ப்பு. எந்த ஆய்வுக்கூடமும் இதை இன்னும் நிரூபித்து முடிக்கவில்லை. உறுதியான காரணம் தெரியாமலேயே ஒரு நோயைக் கேரளம் வழியனுப்பியிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானபோது வந்த இரங்கல் கட்டுரைகளில் வால்வைப் பற்றி நிறைய இருந்தது. வால்வு உயிர்களைக் காத்தது உண்மை. மண்ணிடம் போய் அவர் கேட்ட கேள்வியையும் நாம் மறக்கக்கூடாது.

ஏனென்றால் நோய் உலகைவிட்டுப் போகவில்லை. 2008இல் மொசாம்பிக்கின் இன்ஹாரிமே என்ற கடலோர மாவட்டத்தில், அனா ஓல்கா மொகும்பி என்ற பெண் மருத்துவர் எக்கோ கருவியைக் கிராமங்களுக்கே கொண்டுபோய்ப் பரிசோதித்த முடிவை வெளியிட்டார். நோயென்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை அல்ல, வீட்டில் இருந்தவர்களைப் பார்த்தார். 1,063 பேரில் 211 பேருக்கு இதயத்தில் அந்த வெள்ளைத் தழும்பு இருந்தது, அதாவது ஐந்தில் ஒருவருக்கு. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் 10 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்கள். அங்கேயும் ஏழை வீடுகளின் முக்கியச் சாப்பாடு மரவள்ளிதான். அந்த 211 பேரில் நோயின் அறிகுறி தெரிந்தது 48 பேருக்குத்தான்.