30 நாள் உங்களுக்கு, 120 நாள் அவர்களுக்கு

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலில் ஒரு தாள் குறைந்தால் என்ன ஆகும்?

“இன்டர்வியூ நல்லாத்தான் போச்சு. கடைசியில ஒரு பேப்பர் கேட்டு லெட்டர் குடுத்துட்டாங்க. முப்பது நாள்தான் டைமாம்.” டாலஸ், நியூஜெர்சி பக்கமிருந்து வரும் வாசகர் கடிதங்கள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. மகனுக்காக மதுரையிலிருந்து எழுதும் அப்பாக்களும் உண்டு. கேட்கப்பட்ட தாள் இங்கே ஏதோ ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பதிவேட்டில் கிடக்கிறது. அதைத் தேடி அலைய வேண்டியவர் அந்த அப்பாதான். குழப்பம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. கெடுவுக்குள் எதை அனுப்புவது? முடியாவிட்டால் கிரீன் கார்டுக்கே ஆபத்தா? அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பதில் வராவிட்டால் யாரைக் கேட்பது?

என்-400 விண்ணப்பம், ஐந்தாண்டு வசிப்பு, ஆங்கிலத் தேர்வு, வரலாற்றுத் தேர்வு ஆகியவற்றை இங்கே விளக்கப்போவதில்லை. நேர்காணல் அறை வரை போய்விட்டவருக்கு அவை தெரியும். தெரியாதது அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது கையில் இருக்கும் தாள்களின் அர்த்தம்.

கையில் வரும் இரண்டு தாள்கள்

முதலாவது என்-652. தேர்வு முடிவுச் சீட்டு. தேர்வில் தேறினீர்களா என்பதோடு, விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. தாள் குறைந்தவருக்கு ‘இப்போது முடிவெடுக்க இயலாது’ என்ற கட்டத்தில் டிக் விழும். இது நிராகரிப்பு அல்ல. தேறிய தேர்வும் தேறியதுதான். தாள் குறைந்த காரணத்துக்காக அதை மறுபடி எழுதவேண்டியதில்லை.

இரண்டாவது என்-14. என்னென்ன ஆவணம் வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று அதில் எழுதியிருக்கும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் இதை விண்ணப்பதாரருக்குத் தரப்படும் வாய்ப்பு என்று சொல்கிறது. வாய்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் தகுதியை நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க விண்ணப்பதாரர் தலையில் இருப்பதால், அந்தப் பட்டியலில் நிரப்பப்படாத ஒவ்வொரு வரியும் பிறகு மறுப்பு உத்தரவில் ஒரு காரணமாக மாறும். அப்படி நினைத்துப் படிப்பதே பாதுகாப்பு.

வழக்கமாகக் கேட்கப்படுபவை: வரித்துறையான ஐஆர்எஸ் தரும் வரிப் பதிவு நகல், முந்தைய திருமணம் முடிந்ததற்கான ஆதாரம், ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருந்தால் அப்போதும் அமெரிக்காவில் வீடும் வேலையும் இருந்ததற்கான சான்று, எப்போதாவது கைதாகியிருந்தால் வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல்.

2025 ஆகஸ்டில் இந்தப் பட்டியல் நீள வழி பிறந்தது. நன்னடத்தையை எந்திரத்தனமாகச் சரிபார்க்காமல் முழுமையாக எடைபோட வேண்டும் என்று ஒரு குறிப்பாணை வந்தது. அடுத்த சில நாளில் வந்த இன்னொன்று, பல பத்தாண்டுகளாகக் கைவிடப்பட்டிருந்த அக்கம்பக்க விசாரணைக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அண்டை வீட்டார், முதலாளி, உடன் வேலை செய்பவர் ஆகியோரிடம் சான்றுக் கடிதம் கேட்கலாம் என்றும், கேட்காமலே தருவது நல்லது என்றும் சொன்னது. வரி கட்டினாரா என்பதற்கு ரசீது உண்டு. நல்ல மனிதரா என்பதற்கு எத்தனை கடிதம் போதும் என்று எந்த விதியிலும் இல்லை. எல்லை குறிக்கப்படாத தேவைக்கு எத்தனை தாள் கொடுத்தாலும் குறை சொல்ல இடமிருக்கும்.

30 நாளுக்குள் இருக்கும் கண்ணி

30 நாள் கெடு கூட்டாட்சி விதிமுறையிலேயே இருக்கிறது. அறிவிப்பு தபாலில் வந்தால் மூன்று நாள் கூடும். நீங்கள் அனுப்பிய தேதி கணக்கில் வராது. அவர்களுக்குக் கிடைத்த தேதிதான் கணக்கு. கூடுதல் ஆவணம் கேட்கும் அறிவிப்புகளுக்கு கால நீட்டிப்பு கிடையாது என்று பொது விதி சொல்கிறது.

பலர் விழுவது இன்னொரு இடத்தில். கேட்டது நான்கு தாள், கையில் மூன்று இருக்கிறது என்று வையுங்கள். மூன்றை அனுப்பிவிட்டு, நான்காவது வந்ததும் அனுப்பலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யக்கூடாது. கேட்டவை அனைத்தும் ஒரே சமயத்தில் வரவேண்டும். பாதி அனுப்பினால், ‘இருப்பதை வைத்தே முடிவெடுங்கள்’ என்று நீங்களே கேட்டுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அதனால் கெடுவுக்குள் ஒரே கட்டாக அனுப்புங்கள். இல்லாத தாளின் இடம் காலியாக இருக்கக்கூடாது. அது ஏன் இல்லை என்ற விளக்கம், அதைக் கேட்டு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டு, அதற்கு ஈடாக எதைத் தருகிறீர்களோ அது, மூன்றும் அந்த இடத்தில் இருக்கட்டும்.

பதிலே அனுப்பாவிட்டால்? நேர்காணலுக்கு முன்பு என்றால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதி மூடிவிடலாம். நேர்காணல் முடிந்த பிறகு அப்படி மூட விதி இடம் தரவில்லை; கோப்பில் இருப்பதை வைத்துத் தகுதியைப் பார்த்து உத்தரவு போட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தாள் வேண்டும் என்று தன் கையால் எழுதிக்கொடுத்த அதிகாரி, அது இல்லாமலே தகுதி உண்டு என்று எழுதுவது அரிது.

அரசுக்கு ஓடும் கடிகாரம்

உங்களுக்கு 30 நாள் என்றால் அரசுக்கும் ஒரு கெடு உண்டு. நேர்காணல் நடந்த 120 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். தாண்டினால், நீங்கள் வசிக்கும் பகுதியின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிபதி தானே விண்ணப்பத்தைத் தீர்மானிக்கலாம். அல்லது இன்னின்ன செய்யுங்கள் என்ற கட்டளையோடு யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பலாம்.

ஒரு நீதிபதி எப்படிக் குடியுரிமை விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது? விடை வரலாற்றில் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அமெரிக்காவில் குடியுரிமை வழங்கியது நீதிமன்றம்தான். குடிவரவு அதிகாரிகள் விசாரித்துப் பரிந்துரை மட்டுமே செய்தார்கள். அந்தச் சட்டம் அதிகாரத்தை நிர்வாகத்துக்கு மாற்றியது. மாற்றும்போதே நீதிமன்றத்துக்கு ஒரு கதவைத் திறந்துவைத்தது. நிர்வாகம் தூங்கினால் அதிகாரம் பழைய இடத்துக்கே திரும்பும். தாமதத்துக்கு அபராதமோ கண்டனமோ விதிக்கவில்லை. தாமதித்தவரிடமிருந்து கோப்பே கைமாறிப்போகும்படி வைத்தார்கள். இந்த ஏற்பாடு சாமர்த்தியமானது.

அது வெறும் ஏட்டுச் சட்டமாக நிற்கவில்லை. கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் ஹோவ்செபியன் வழக்கில், இப்படி மனு தாக்கலானதும் முடிவெடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே என்றது. நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாவது சர்க்யூட் 2009-இல் புஸ்டமான்டே வழக்கில் அதே நிலையை எடுத்தது. அதாவது வழக்குப் போட்டவரைப் பழிவாங்கும் விதமாக அவசரமாக ஒரு மறுப்பு உத்தரவைத் தட்டிவிட அங்கே முடியாது.

120 எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதில் அரசுத் தரப்பு ஒரு வாதம் வைத்தது. சட்டம் சொல்லும் பரிசீலனை என்பது நேர்காணல் மட்டும் அல்ல. பின்னணிச் சோதனை உட்பட எல்லாம் முடிந்தால்தான் அது முடியும் என்றார்கள். இதை ஒப்புக்கொண்டால் கடிகாரத்தை ஓடவிடுவதும் நிறுத்துவதும் அரசின் கையில்தான். 2005-இல் வர்ஜீனியாவில் ஒரு மாவட்ட நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. ஆனால் டெக்சாஸை உள்ளடக்கிய ஐந்தாவது சர்க்யூட் 2007-இல் வால்ஜி வழக்கில் மறுத்தது: முதல் நேர்காணல் நடந்த நாளே தொடக்கம். பெரும்பாலான நீதிமன்றங்களின் நிலையும் இதுதான். என்-14 கொடுத்துவிட்டோம் என்பதற்காக 120 நின்றுவிடாது. மறு நேர்காணல் வைத்தாலும் புதிதாகத் தொடங்காது.

இனி, என்னை உறுத்தும் பகுதி. 2000-களின் நடுவில் எஃப்பிஐ பெயர்ச் சோதனை முடியாமலே நேர்காணலை நடத்திவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் கோப்புகள் கிடந்தன. 120 நாள் தாண்டியதால் வழக்குகள் குவிந்தன. 2006-இல் யுஎஸ்சிஐஎஸ் எடுத்த முடிவு, பெயர்ச் சோதனை முடியும்வரை நேர்காணலே வைப்பதில்லை என்பது. சோதனையை முடித்த பின்பே நேர்காணல் என்று விதி ஏற்கெனவே சொன்னதால், சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காத்திருப்பவருக்கு என்ன குறைந்தது? காத்திருப்பு நேர்காணலுக்குப் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்தது. அங்கே எந்தக் கடிகாரமும் ஓடவில்லை. கெடுவை மீறாமல் இருக்கச் சுலபமான வழி அதைத் தொடங்காமல் இருப்பது.

இன்னொரு சமனின்மையும் உண்டு. உங்கள் 30 நாள் முடிந்தால் விளைவு தானாக வருகிறது. அவர்களுடைய 120 முடிந்தால் எதுவும் தானாக நடக்காது. நீங்கள் 405 டாலர் கட்டணம் செலுத்தி, வழக்கறிஞருக்கும் கொடுத்து, மனு தாக்கல் செய்தால்தான் அந்தச் சட்டப் பிரிவு வேலை செய்யும். பதில் தர அரசுக்கு மேலும் 60 நாள். பல வழக்குகள் வாதம் வரை போவதில்லை. கோப்பைத் திருப்பி அனுப்பினால் முடிவெடுத்துவிடுகிறோம் என்று அரசுத் தரப்பே உடன்பாட்டுக்கு வருகிறது. மாதக்கணக்கில் முடியாதது மனு போட்டதும் முடிகிறது என்றால், ஆள்பற்றாக்குறை என்ற விளக்கத்தை எவ்வளவு நம்புவது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: என்-14 கேட்டதைத் தராமலே 120 நாள் ஆகிவிட்டது என்று நீதிமன்றம் போவதில் பயனில்லை. நிரூபிக்கும் பொறுப்பு அங்கேயும் உங்களுடையதுதான்.

தாளே உலகில் இல்லை என்றால்

விதி மூன்று படிகளை வைத்திருக்கிறது. முதலில் மூல ஆவணம். அது இல்லை என்று காட்டினால் மாற்று ஆதாரம். அதுவும் இல்லை என்று காட்டினால், நேரடியாக அறிந்த இருவராவது தரும் பிரமாணப் பத்திரம். படி தாண்டிப் போகக்கூடாது. ‘இல்லை’ என்பதையும் ஒரு தாளால்தான் காட்ட வேண்டும். பழைய வழக்குக் கோப்பை அழித்துவிட்டிருந்தால், பதிவு இல்லை என்று நீதிமன்ற எழுத்தரிடம் சான்று வாங்குங்கள்.

நம் பக்கத்தில் அதிகம் சிக்குவது முதல் திருமணம். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தீர்த்துவிட்டு, முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டம் 29-ஆம் பிரிவில் வழக்காற்று மணமுறிவை அங்கீகரிக்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்பதை நிறுவ வேண்டும். மதுரையில் எழுதிய முத்திரைத்தாளை மட்டும் பார்த்து ஹூஸ்டனில் ஓர் அதிகாரி நிறைவடைவார் என்று நம்பியிருக்காதீர்கள். குடும்பநல நீதிமன்றத்தில் அறிவிப்புத் தீர்ப்பு வாங்குவதே உறுதியான வழி. அது 30 நாளில் நடக்காது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை.

ஈழத்திலிருந்து போனவர்களுக்கு இதே கேள்வி இன்னும் கடுமையானது. கணவர் போரில் காணாமல்போய், பிறகு மறுமணம் செய்தவரிடம் முதல் திருமணம் எப்படி முடிந்தது என்று கேட்பார்கள். 2010-இல் இலங்கை கொண்டுவந்த தற்காலிகச் சட்டம், காணாமல்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. உடலைக் காட்டாமல் இறந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று பல குடும்பங்கள் அதை மறுத்ததால், 2016-இல் காணவில்லை என்பதற்கான தனிச் சான்றிதழ் வந்தது. அது மரணத்தை உறுதி செய்வதில்லை. அதற்காகத்தான் குடும்பங்கள் அதைக் கேட்டன. மணமுடிவைக் கேட்கும் படிவத்துக்கு முன்னால் அதுவே அதன் பலவீனம். இப்படிப்பட்ட நிலையில் வழக்கறிஞர் இல்லாமல் நேர்காணலுக்குப் போகாதீர்கள்.

மற்ற கேள்விகள்

*மறுத்துவிட்டால் கிரீன் கார்டு போய்விடுமா?* தாள் குறைந்ததற்காகப் போகாது. நாடுகடத்தத்தக்க குற்றம் கோப்பில் தெரிந்தால் கதை வேறு.

*மேல்முறையீடு?* 30 நாளுக்குள் என்-336, ஆன்லைனில் 780 டாலர், தாளில் 830. வேறொரு அதிகாரி விசாரிப்பார்.

*புதிதாக விண்ணப்பிக்கலாமா?* எப்போது வேண்டுமானாலும். ஆன்லைனில் 710 டாலர், தாளில் 760, பழைய கட்டணம் திரும்பாது.

*தமிழ்ச் சான்றிதழை யார் மொழிபெயர்க்க வேண்டும்?* இரு மொழியும் தெரிந்த எவரும். முழுமையானது, சரியானது என்று கையெழுத்திட்டால் போதும், நோட்டரி வேண்டாம்.

*பெயரில் இனிஷியல் ஒரு தாளில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்து வருகிறது.* இரண்டும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரமும் பழைய பாஸ்போர்ட்டும் சேர்த்து வையுங்கள்.

*டிராஃபிக் அபராதத்துக்கும் நீதிமன்றத் தாள் வேண்டுமா?* கைது, மது, போதை சம்பந்தமில்லாமல் 500 டாலருக்குக் குறைவான அபராதம் என்றால் வேண்டாம், ஆனால் படிவத்தில் மறைக்கக்கூடாது.

*வரிப் பதிவு நகலுக்கு எவ்வளவு?* ஐஆர்எஸ் தளத்தில் இலவசம்.

*119-ஆம் நாளே வழக்குப் போடலாமா?* கூடாது, 120 முழுதாகக் கழிய வேண்டும்.

*வழக்குப் போடுவேன் என்று கடிதம் எழுதினால் போதுமா?* போதாது. நீதிமன்றத்தின் அதிகாரம் மனு தாக்கலான நாளில்தான் தொடங்குகிறது.