டிரம்ஸுக்குப் பின்னால் இருப்பவர்

2024 வரை அயர்ன் மெய்டன் குழுவோடு மேடையேறிய நிக்கோ மெக்பிரைன் வெறுங்காலோடு டிரம்ஸ் வாசித்தவர். மற்ற ஹெவி மெட்டல் டிரம்மர்கள் இரண்டு பெடல்களில் இரு கால்களாலும் அடிப்பதை, அவர் பெரும்பாலும் வலது காலால் ஒரே பெடலில் அடித்துவிடுவார். அந்தக் கால்தான் அவருடைய கலை. ஆனால் டிரம்களும் சிம்பல்களும் அவருக்கு முன்னால் உயர அடுக்கப்பட்டிருந்ததால், அரங்கில் நிற்கும் ரசிகருக்குக் கால் இருக்கட்டும், முகமே சரியாகத் தெரியாது. மும்பையில் தொடங்கிய 2008 உலகச் சுற்றுப்பயணத்தைப் பின்தொடர்ந்து எடுத்த 'ஃபிளைட் 666' (2009) போன்ற படங்களில் கேமரா அந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே போகிறது. போனாலும் அங்கே நெடுநேரம் நிற்க முடிவதில்லை. பாடகர் ஓடுகிறார், கிட்டார் கலைஞர் தனி வாசிக்கிறார், கூட்டம் கையை உயர்த்துகிறது. படத்தொகுப்பாளர் அங்கெல்லாம் போயாக வேண்டும். டிரம்மரின் வேலையோ சில நொடிகளில் கண்ணில் படுவதல்ல. எடுத்த வேகத்தை ஆறு, ஏழு நிமிடம் கைவிடாமல் பிடித்திருப்பதுதான் அது. காட்சியைத் துண்டுதுண்டாக வெட்டும்போது முதலில் காணாமல் போவதும் அதுவே.

ஆகவே ஒரு மெட்டல் டிரம்மர் தன் குழுவில் உண்மையில் என்ன செய்கிறார் என்பதற்குக் கச்சேரிப் படத்தைவிட ஆவணப்படமே நல்ல சாட்சி என்பேன். மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிச்சை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கில் பிறந்தவர், டென்னிஸ் வீரரான டோர்பென் உல்ரிச்சின் மகன். அவரும் டென்னிஸுக்காகத்தான் அமெரிக்கா போனார். 1981இல் லாஸ் ஏஞ்சலிஸ் பத்திரிகை ஒன்றில் அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் வந்து சேர, மெட்டாலிகா பிறந்தது. குழுவைத் தொடங்கியவரே டிரம்மர் என்பதை மேடைக் காட்சிகளிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது. அவற்றில் அவர் இருக்கையை விட்டு எழுகிறார், நாக்கை நீட்டுகிறார், குச்சியைக் கூட்டத்தை நோக்கி நீட்டிக் கத்துகிறார். அந்தப் பதிவுகளை வைத்தே ரசிகர்களில் ஒரு பகுதியினர் அவரைப் பல ஆண்டுகளாகக் குறை சொல்லியும் வருகிறார்கள்: வேகம் தடுமாறுகிறது, ஆல்பத்தில் வாசித்ததை மேடையில் எளிதாக்கிவிடுகிறார் என்று. அந்தக் குறைகளில் உண்மை உண்டு. ஆனால் மெட்டாலிகாவின் பெரும்பாலான பாடல்களில் ஹெட்ஃபீல்டோடு உல்ரிச்சின் பெயரும் படைப்பாளராக இருப்பது ஏன் என்பதற்கு அந்தப் படங்களில் பதில் இல்லை.

பதில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருக்கிறது. 1991இல் வெளிவந்த கறுப்பு அட்டை ஆல்பம் உருவானதைக் காட்டும் 'எ இயர் அண்ட் எ ஹாஃப் இன் தி லைஃப் ஆஃப் மெட்டாலிகா' (1992), தயாரிப்பாளர் பாப் ராக்கோடு குழு மல்லுக்கட்டுவதைப் பதிவு செய்தது. அதைவிட ஆழமாகப் போனது ஜோ பெர்லிங்கரும் புரூஸ் சினோஃப்ஸ்கியும் இயக்கிய 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' (2004). 2001 ஜனவரியில் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் விலகினார். சில மாதங்களில் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனார். திரும்பியவர் நண்பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரைதான் வேலை என்றார். தான் இல்லாதபோது மற்றவர்கள் பாடல்களைப் பற்றி முடிவெடுப்பதையும் விரும்பவில்லை. உல்ரிச் கொதித்துப்போகிறார். நேரத்தைப் பற்றிய சண்டையாகத் தெரிந்தாலும், பாடல் யாருடையது என்பதுதான் அங்கே கேள்வி. எந்தத் துண்டு இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று கிட்டார் வாசிப்பைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் காது உல்ரிச்சுடையது. அந்த வேலையை நான்கு மணிக்கு நிறுத்தச் சொன்னால் அவரிடம் என்ன மிஞ்சும்? அவருடைய தந்தை வந்து ஒரு பதிவைக் கேட்டுவிட்டு, இதை அழித்துவிடலாம் என்று சொல்லும் காட்சியும் படத்தில் உண்டு. மற்றவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் மகனின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

அந்த உழைப்பின் விளைவான 'செயின்ட் ஆங்கர்' (2003) ஆல்பத்தில் ஸ்நேர் டிரம்மின் அடியிலுள்ள கம்பிகள் தோலைத் தொடாதபடி விலக்கி வைக்கப்பட்டிருந்தன. விளைவு, தகரத்தைத் தட்டினாற்போல் ஒலி. பலர் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. எனக்கும் அது இனிய ஒலியாகப் படவில்லை. ஆனால் ஒரு டிரம்மரின் ஒரே தெரிவு ஆல்பம் முழுவதன் நிறத்தையும் மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குழுவே பணம் போட்ட படம் விளம்பரமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான ஐயம். ஆனால் விளம்பரம் தேடுபவர், தான் சேர்த்த ஓவியங்கள் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பெருந்தொகைக்குப் போவதைக் கேமராவுக்குக் காட்டுவாரா? அதுவும் இணையத்தில் பாடல்களை இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டர் மீது குழு தொடுத்த வழக்கினால், ரசிகர்களோடு காசுக்குச் சண்டை போட்டவர் என்ற பெயர் வாங்கிய சில ஆண்டுகளுக்குள்? 1983இல் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட டேவ் மஸ்டேன் எதிரே உட்கார்ந்து தன் பழைய காயத்தைச் சொல்ல, பதிலின்றித் தவிக்கும் உல்ரிச்சும் படத்தில் இருக்கிறார். கச்சேரிப் படம் மட்டும் கலப்பற்ற உண்மை என்று நினைப்பதும் சரியல்ல. சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியோடு வாசித்த 'எஸ் அண்ட் எம்' (1999) இரண்டு இரவுகளின் பதிவு. முப்பரிமாணத்தில் வந்த 'த்ரூ தி நெவர்' (2013) கனடாவில் நடந்த பல கச்சேரிகளிலிருந்து தொகுத்து, இடையிடையே கற்பனைக் கதையும் சேர்த்தது. கச்சேரிப் படமும் வெட்டி ஒட்டிச் செய்ததுதான்.

இன்னொரு மறுப்பு வலுவானது: முடிவெடுப்பதும் வாதாடுவதும் நிர்வாகம், டிரம்மரை அடியை வைத்துத்தானே மதிக்க வேண்டும்? தனிக் கலைஞராக வாசிப்பவரை அப்படி மதிக்கலாம். மெட்டல் குழுவில் டிரம்ஸ் பாட்டின் அமைப்போடு பிணைந்தது. மெட்டாலிகாவில் டிரம்ஸ், பேஸ் கிட்டாரைவிட ஹெட்ஃபீல்டின் ரிதம் கிட்டாரையே ஒட்டிப் போகும். எங்கே வேகம் கூட வேண்டும், எங்கே திடீரென்று நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஹெட்ஃபீல்ட், உல்ரிச் இருவரின் பேச்சிலிருந்து வருகிறது. 'ஒன்' பாடலில் இயந்திரத் துப்பாக்கிபோல் அதிரும் டபுள் பேஸ் டிரம்மை உல்ரிச்சைவிடத் துல்லியமாக வாசிக்கக் கூடியவர்கள் பலர் உண்டு. பாட்டில் அது எந்த இடத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்ததும் டிரம்மரின் வேலைதான்.

இது புகழும் பணமும் உள்ள ஒருவருக்கு மட்டும் பொருந்துவதல்ல. கனடாவின் ஆன்வில் குழுவைப் பற்றி சாஷா ஜெர்வாசி எடுத்த 'ஆன்வில்! தி ஸ்டோரி ஆஃப் ஆன்வில்' (2008) படத்தில் டிரம்மர் ராப் ரைனர் ஓவியம் வரைகிறார், பிழைப்புக்குக் கட்டட வேலை செய்கிறார், பதின்ம வயதிலிருந்து கூட இருக்கும் பாடகர் லிப்ஸோடு ஒலிப்பதிவின் நடுவே முறைத்துக்கொண்டு விலகும் அளவுக்குப் போகிறார். ஆன்வில்லின் ஆற்றலுக்குச் சாட்சி சொல்ல அந்தப் படத்தில் வருபவர்களில் உல்ரிச்சும் ஒருவர். 1984இல் ஜப்பான் மேடையில் ஆன்வில் வாசித்த பழைய காட்சியும் அதில் இருக்கிறது. அங்கே கூட்டத்தின் கண் லிப்ஸ் மேல். அந்தக் குழு பல பத்தாண்டுகள் உடையாமல் நின்றதில் பின்னால் உட்கார்ந்திருந்த ரைனருக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது, அவர்கள் கத்திச் சண்டை போட்டு அழுது சமாதானமாகும் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் தெரியவருகிறது.